நாயம் பேசித் தீர்ப்போம்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் போன் செய்தார். "இருபது நிமிஷம் ஏதாவது பேசோணும்" என்றார். "எதைப் பத்திப்பா?" என்றேன். "மில்லுல முப்பது வருஷம் சண்டை தீர்த்தவன்தானே நீ, அதையே பேசு" என்று வைத்துவிட்டார். உண்மைதான். நூற்பாலையில் பர்சனல் ஆபீசராக இருந்தேன். போனஸ், வேலைப்பளு, சஸ்பென்ஷன் என்று லேபர் ஆபீஸ் படிக்கட்டு ஏறாத மாதம் இல்லை. ஆனால் இன்று அதைப் பேசப் போவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, என் பங்குக் கோவிலில் ஒரு தகராறைத் தீர்க்கப் போய் நான் கற்றுக்கொண்டதைப் பேசுகிறேன். மில் தகராறில் சம்பளம் வாங்கினேன். கோவில் தகராறில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இங்கே எல்லா மதத்தாரும் இருக்கிறீர்கள். கத்தோலிக்கக் கோவில் விவகாரம் நமக்கு எதற்கு என்று யாரும் டீ குடிக்கக் கிளம்பிவிட வேண்டாம். மாரியம்மன் கோவில் நோன்பிக் கமிட்டியில் இருப்பவருக்கும், ஜமாத்தில் இருப்பவருக்கும், அபார்ட்மென்ட் சங்கத்தில் தண்ணீர் லாரிக்காக மல்லுக்கட்டுபவருக்கும் இது பொருந்தும்.

நம்ம கொங்கு நாட்டில் "நாயம்" என்று ஒரு சொல் உண்டு. நியாயத்துக்கும் நாயம்தான், திண்ணையில் உட்கார்ந்து சும்மா பேசுவதும் நாயம்தான். வெளியூரிலிருந்து எங்கள் மில்லுக்கு ஒரு மானேஜர் புதிதாக வந்திருந்தார். "சார், ஆளுங்க கேட்டுல நாயம் பேசிட்டு இருக்காங்க" என்று வாட்ச்மேன் சொன்னதும், ஸ்டிரைக் என்று நினைத்துப் போலீசுக்குப் போன் போடப் போய்விட்டார்! ஷிப்ட் முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. பேசாமல் நியாயம் கிடைக்காது. நியாயத்தை விட்டுவிட்டுப் பேசினால் அது வெறும் திண்ணைப் பேச்சு.

கோவில் தகராறு ஏன் மற்றதைவிடக் கசப்பாக இருக்கிறது? மில்லில் சண்டை போட்டவன் ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவான். கோவிலில் சண்டை போட்டவனோடுதான் அடுத்த ஞாயிறு பூசையில் பக்கத்தில் முழங்கால் போட வேண்டும். பெண் கொடுத்ததும் எடுத்ததும் அங்கேதான். கடைசியில் போய்ப் படுப்பதும் ஒரே கல்லறைத் தோட்டம். அதனால் கோவிலில் ஒரு வழக்கில் ஜெயித்தாலும், ஜெயித்தவனுக்கு நிம்மதி இல்லை.

இது புதிதும் அல்ல. திருச்சபை பிறந்த புதிதிலேயே தகராறு வந்துவிட்டது. திருத்தூதர் பணிகள் நூல், ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டார்கள். முணுமுணுப்பு எழுந்தது. "அமைதியாக இருங்கள், செபம் செய்யுங்கள்" என்று திருத்தூதர்கள் வாயை அடைக்கவில்லை. எல்லோரையும் ஒட்டுக்காக் கூட்டினார்கள். பங்கீட்டைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி ஏழுமே கிரேக்கப் பெயர்கள்! குறை சொன்ன பக்கத்தாரிடமே பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. இதைவிட நல்ல சமரசப் பாடத்தை முப்பது வருட லேபர் சட்டத்தில் நான் படித்ததில்லை.

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இயேசு வரிசையையே வகுத்துக் கொடுக்கிறார். முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரை அழைத்துக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபையில் சொல். நாம் என்ன செய்கிறோம்? அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். முதலில் நோட்டீஸ், வாட்ஸப். பிறகு ஆயருக்கு மொட்டைக் கடிதம். பிறகு கோர்ட்டு. சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் கடைசி வரை பேசுவதே இல்லை.

திருச்சபையின் சட்டமும் இதையே சொல்கிறது. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1446ஆம் விதி, நீதிக்குக் குறைவில்லாமல் வழக்குகளைத் தவிர்க்கவும் சமாதானமாக முடிக்கவும் எல்லா விசுவாசிகளும், முக்கியமாக ஆயர்களும் முயல வேண்டும் என்கிறது. பங்குத்தந்தையோ ஆயரோ பிறப்பித்த ஆணையால் ஒருவருக்கு மனக்குறை ஏற்பட்டால், விவேகம் உள்ளவர்களை நடுவில் வைத்துத் தீர்வு தேடலாம் என்கிறது 1733ஆம் விதி. அதற்காக ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஒரு அலுவலகமோ குழுவோ அமைக்கவும் அதில் இடம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, பல பங்குகளில் அது இருப்பதே தெரியாது.

நம் கோவை மறைமாவட்டத்தின் தொடக்கத்திலேயே தீராத ஒரு தகராறு இருக்கிறது. கருமத்தம்பட்டிக்கு நம்மில் பலர் செபமாலை மாதா திருவிழாவுக்குப் போயிருப்போம். 1846ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கேதான் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் என்ற பிரெஞ்சுக் குருவானவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1850இல் கோவை தனி மறையாட்சிப் பகுதியானபோது அதன் முதல் தலைவர் அவரே. அவரை வாட்டிய கேள்வி ஒன்று. கோவிலுக்குள் சாதி வழக்கங்களை எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்வது? 1744இலேயே ரோம் இதைப் பற்றி ஆணை பிறப்பித்திருந்தும் அதை ஆளுக்கொரு விதமாகக் கடைப்பிடித்தார்கள். உடன் உழைத்த குருக்களோடு அவருக்குக் கருத்து ஒத்துவரவில்லை. ரோமுக்கு எழுதினார், நேரிலும் போனார். மனசாட்சிக்கு அமைதி தரும் பதில் கிடைக்கவில்லை. 1855இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859இல் ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் காய்ச்சலில் இறந்தார். ஆப்பிரிக்காவுக்கு ஒரு நல்ல மனிதர் கிடைத்தார். ஆனால் அவர் கேட்ட கேள்வி இங்கேயே, நம்ம ஊரிலேயே நின்றுவிட்டது.

அது எப்படி நின்றது என்பதற்கு என் பங்குக் கதைக்கு வருகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சுற்றிலும் மில்லும் தறியும் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாதா திருவிழாவில் தேர் நாலு தெரு சுற்றிவரும். கீழத்தெருவுக்கு மட்டும் போகாது. அங்கே இருப்பவர்கள் தலித் கத்தோலிக்கர்கள். பூசைக்கு வருபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அவர்கள். கேட்டால், "தெரு குறுகல், கரண்ட் கம்பி தாழ்வு" என்று பதில் வரும். என் சின்ன வயசிலிருந்து கேட்ட பதில் அது. ஒரு வருடம் கீழத்தெருப் பிள்ளைகள், "எங்க தெருவுக்கு வராத தேரை நாங்க இழுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். கொடியேற்றத்தன்று வீடுகளில் கருப்புக் கொடி. கோட்டாட்சியர் ஆபீசில் அமைதிப் பேச்சு. ஜீப்பு வந்து கோவில் வாசலில் நின்றது. திருவிழா நின்றுபோனது.

பங்குத்தந்தை எங்கள் மூன்று பேரைக் கூப்பிட்டார். பக்கத்துப் பங்கிலிருந்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், ஒரு வக்கீல், நான். "நீங்க உட்கார்ந்து பேசி முடிங்க" என்றார்.

நான் செய்த முதல் தப்பு, இரண்டு பக்கத்தாரையும் முதல் நாளே ஒரே ஹாலில் கூட்டியது. பத்து நிமிடத்தில் நாற்காலி பறந்தது. மில்லில் யூனியன்காரர்களும் நிர்வாகமும் எதிரெதிரே உட்கார்வதற்கு முன்னால் எத்தனை தனிப் பேச்சு நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும், கோவில் ஆட்கள்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன்.

இரண்டாவது தப்பு அதைவிடப் பெரிது. நானே ஒரு தீர்வு சொன்னேன். தேர் கீழத்தெரு முக்கு வரைக்கும் வரும், அங்கே கால் மணி நேரம் நிற்கும், தெருக்காரர்கள் அங்கே வந்து மாலை போட்டுக்கொள்ளட்டும். ஆளுக்குப் பாதி! மில்லில் இருபது பர்சென்ட் கேட்டு, பத்து தருவோம் என்றால், பதினஞ்சில் முடியும். அந்தப் பழக்கம். கீழத்தெருவில் ஒரு வயசான அம்மா, மில்லில் ரீலிங் வேலை பார்த்தவர், எழுந்து கேட்டார்:

"ஏனுங்க சார், மாதாவை முக்கு வரைக்கும் கொண்டாந்து நிறுத்தி, நாங்க வந்து பார்க்கோணுங்கறீங்க. எங்க ஊட்டு வாசலுக்கு அவ வர மாட்டேன்னு உங்ககிட்டச் சொன்னாளுங்களா?"

எனக்குப் பதில் இல்லை. அன்று ராத்திரி தூக்கமும் இல்லை. கூலியைப் பாதியாகப் பிரிக்கலாம். மனுஷனுடைய மரியாதையைப் பாதியாகப் பிரிக்க முடியாது. முக்கு வரைக்கும் வரும் மாதா, "நீ முக்குக்கு அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள் என்றுதானே அர்த்தம்? சமரசம் என்ற பெயரில் பழைய அநியாயத்தை நானே புதுப்பித்துக் கொடுக்கப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து வேறு மாதிரி ஆரம்பித்தோம். வீடு வீடாகப் போனோம். தலைமை ஆசிரியை பெண்களிடம் தனியாகப் பேசினார். பிறகு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவை அளந்தோம், இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வைத்துக்கொண்டு. தெரு குறுகின இடத்தில் பதிமூன்று அடி, தேர் எட்டடி. குறுகல் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. கம்பி மட்டும் உண்மையிலேயே தாழ்வு. மின்வாரியத்துக்கு மனுக் கொடுத்தோம். இரண்டு கம்பம் மாற்றினார்கள்.

மறுப்பவர்களையும் தனியாகக் கேட்டபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. சிலருக்கு மனசில் சாதி இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் முக்கியமான ஒரு குடும்பத்துக்குப் பயம் வேறு. அவர்கள் தாத்தா கோவிலுக்கு நிலம் கொடுத்தவர். முதல் மாலை அவர்களுடையது. தேர்ப் பாதையைத் தொட்டால் அடுத்து முதல் மாலையைத் தொடுவார்கள் என்று நினைத்தார்கள். கீழத்தெருக்காரர்களிடம் கேட்டோம். "அவிய மாலை எங்களுக்கு எதுக்குங்க? தேர் வரோணும், கமிட்டியில எங்காளும் இருக்கோணும், கணக்கு தெரியோணும்" என்றார்கள். எதிராளிக்கு என்ன வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்வது ஒன்று, அவர் உண்மையில் கேட்பது வேறொன்று. நடுவில் இருப்பவனுக்குப் பாதி வேலை இதைக் கண்டுபிடிப்பதுதான்.

முடிவை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதினோம். தேர் ஐந்து தெருவும் வரும். திருவிழாக் கமிட்டியில் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். கணக்கு பூசை முடிந்ததும் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். பொருளாளர் பொறுப்பு முதல் மூன்று வருடம் கீழத்தெருவுக்கு. ஸ்தேவானும் பிலிப்பும் ஞாபகத்தில் இருந்தார்கள்! எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வருடம் தேர் கீழத்தெருவுக்குள் திரும்பியபோது அந்த அம்மா வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டு, குத்துவிளக்கு வைத்திருந்தார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். குடித்தேன்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு வேறு பங்குக்குப் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. தேர் வந்துவிட்டதால் மனசெல்லாம் மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் பேசுவதற்கு ஒரு மேஜை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த மேஜை இல்லாவிட்டால் என்ன ஆகும்? உளுந்தூர்பேட்டை பக்கத்தில் உள்ள எறையூரை நினைத்துப் பாருங்கள். ஒரே மாதாவைக் கும்பிடும் இரண்டு பிரிவினர். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். கேட்டதற்குக் காரணம் பல ஆண்டு அவமானம். 2008 மார்ச் 9ஆம் தேதி கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை அது. அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், கோவிலுக்குள் சாதி பிரித்த சுவரை இடித்த விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. சுவரை வைக்க உரிமை கேட்டவர்கள் தோற்றார்கள். தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு சுவரைத்தான் எடுக்கும். பக்கத்தில் உட்கார வைக்க மனிதர்கள்தான் பேச வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சமரசத்துக்குக் கொண்டுவரக் கூடாது. பொதுநன்மை சார்ந்த விஷயங்களில் சமரச உடன்பாடு செல்லாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1715ஆம் விதியே சொல்கிறது. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடந்திருந்தால், "கோவில் பேர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடிப்போம்" என்பது சமரசம் அல்ல, குற்றத்தை மறைப்பது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே குற்றம். பெண்ணை அடித்தவனோடு "அனுசரித்துப் போம்மா" என்று அனுப்பி வைப்பதும் அப்படித்தான். பணக் கையாடல் என்றால் முதலில் ஆடிட்டர், பிறகுதான் பேச்சு. பலம் உள்ளவனும் இல்லாதவனும் உட்காரும் மேஜையில் நடுவர் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தால், மேஜை பலசாலி பக்கம்தான் சாயும்.

நாட்டுச் சட்டமும் இந்த வழிக்கு வந்துகொண்டிருக்கிறது. 1996இல் சமரசத்துக்கென்று தனிப் பகுதியோடு ஒரு சட்டம் வந்தது. 2005 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தில் சமரச மையம் திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம், ஒரு வட்டாரத்தின் அமைதியைப் பாதிக்கும் தகராறுகளைத் தீர்க்க மூன்று பேர் கொண்ட குழுவுக்கு இடம் தருகிறது. அந்த உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்புபோல் அமல்படுத்த முடியாது. அதில் ஒரு நல்லதும் இருக்கிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மானம் ஒன்றுதான் அதற்குக் காவல்.

பொறுமையைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1978 முடிவில் அர்ஜென்டினாவும் சிலியும், தென்கோடியில் பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காகப் போருக்கு விளிம்பில் நின்றன. இரண்டும் கத்தோலிக்க நாடுகள். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கர்தினால் அந்தோனியோ சமோரே என்ற முதியவரை நடுவில் அனுப்பினார். பேச்சு ஆறு வருடம் இழுத்தது. 1984 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது சமோரே உயிரோடு இல்லை; 1983 தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். இரண்டு நாட்டுப் பிள்ளைகள் போரில் சாகவில்லை. இரண்டு நாடுகளுக்கே ஆறு வருடம் ஆனது என்றால், நம் பங்குத் தகராறுக்கு ஆறு மாதம் கொடுக்கக் கூடாதா?

நண்பர்களே, நமக்கெல்லாம் வயசாகிவிட்டது. முடி கொட்டிவிட்டது, ஆனால் ஊரில் கொஞ்சம் மரியாதை சேர்ந்திருக்கிறது. பென்ஷனும் நேரமும் இருக்கிறது. அந்த மரியாதையைப் பொன்னாடை வாங்குவதற்கு மட்டும் செலவழிக்க வேண்டாம். அவரவர் ஊரில், அவரவர் கோவிலில், எங்கேயாவது இரண்டு பேர் பேசாமல் இருந்தால், போய் நடுவில் உட்காருங்கள். முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்டதைச் சரிபாருங்கள், டேப் வேண்டுமானால் டேப்போடு. பெண்களைக் கேட்காமல் எழுந்துவிடாதீர்கள். முடிவை எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். முக்கியமாக, ஆளுக்குப் பாதி என்று அவசரமாக ஆரம்பிக்காதீர்கள். அவசரப்பட்டால் என்ன கேள்வி வரும் என்று சொல்லிவிட்டேன்.

கடைசி வரிசையில், விடுதி மெஸ் கணக்குச் சண்டைக்குப் பிறகு நாற்பது வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. பெயர் சொல்ல மாட்டேன். சாப்பாட்டுப் பந்தியில் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு இலை எனக்குப் போட்டு வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். வாங்க, நாயம் பேசலாம்.